ஏழாம் நாள் சவாரி

ஆற்றங்கரை ஊரான ஷலாலில் மே மாதம் பிறந்துவிட்டால் வெயிலுக்கு விடியல் தேவையில்லை. பாறைகள் நேற்றுக் குடித்த சூட்டையே இன்னும் கக்கி முடித்திருக்காது, அதற்குள் இன்றைய பங்கு வந்து இறங்கிவிடும். அப்படியொரு காலையில், படகுத்துறைக்கு மேலே பாறைச் சரிவில் நீலம் பூசிய வீட்டின் அடுக்களையில், தஹிபா களி கிண்டிக்கொண்டிருந்தாள். சட்டியைப் பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினாள். மாவு, பால், ஒரு சிட்டிகை உப்பு, இறக்கியபின் நடுவில் குழி பறித்து நெய். ஐம்பது வயதுக்காரி. துறைவாசலில் டீக்கடை நடத்துகிறவள். அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

தம்பி மனைவி ஷாயா சுவரில் சாய்ந்து வெந்தயக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை. பிறந்து இன்றோடு ஏழாம் நாள். பெண். இன்னும் பேர் வைக்கவில்லை.

"பேரு முடிவு பண்ணிட்டியா புள்ள?" என்றாள் தஹிபா.

"பண்ணிட்டேன் மதினி."

"என்ன பேரு?"

"முதல்ல தண்ணிக்கு. அப்புறந்தான் உங்களுக்கு."

"அடேயப்பா! உனக்கு இடுப்பு வலி வந்தப்ப கையப் பிடிச்சுக்கிட்டு நின்னது நானா, தண்ணியா?"

ஷாயா சிரித்தாள். தையல் போட்ட இடம் இழுத்தது. சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அந்த ஊர் நூபியாக்காரர்கள் தண்ணீரோடு மல்லுக்கட்டியே வளர்ந்தவர்கள். அணை கட்டியபோது ஒரு தரம், அதை உயர்த்தியபோது இரண்டு தரம் என்று கதவையும் உத்தரத்தையும் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மேலே மேலே ஏறியவர்கள். கடைசியில் தண்ணீருக்குத்தான் அலுத்துப்போயிற்று, இவர்களுக்கு அலுக்கவில்லை. யோகம் ஆற்றுத் தீவில் இருந்த பழங்காலக் கோயிலுக்குத்தான் அடித்தது. உலகமே கூடிக் காசு போட்டு, அதைக் கல் கல்லாகக் கழற்றி, எண் எழுதி, பக்கத்துத் தீவில் கொண்டுபோய் அடுக்கிவைத்தார்கள். பழைய தீவும் அதை ஒட்டியிருந்த பழைய ஊரும் இடுகாடும் அப்படியே அடியில் கிடக்கின்றன. கோயிலைக் கழற்றும்போது தண்ணீரைத் தடுக்க அடித்த இரும்புத் தூண்கள் மட்டும் துருப்பிடித்த தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஷலால் படகுக்காரன் எவனும் அந்தத் தூண்களுக்கு நடுவே எஞ்சினை ஓட்டிக்கொண்டு போகமாட்டான். அகலமாக ஒரு வளைவு போட்டு ஒதுங்கித்தான் போவான். படமெடுக்க வசதியாகச் சுற்றிக் காட்டுகிறான் என்று பயணிகள் நினைத்துக்கொள்வார்கள். அடியில் பாட்டன் தூங்கும்போது தலைக்கு மேலே எஞ்சினை உறுமவிட எந்தப் பேரனுக்குத்தான் மனசு வரும்?

பிள்ளை பிறந்த ஏழாம் நாள் அங்கேதான் போவார்கள். பெண்கள் படகில் களி கொண்டுபோய், ஆற்றுக்குள் இருப்பவர்களுக்கு ஏழு கவளம் கொடுத்து, அந்தத் தண்ணீரால் பிள்ளை முகத்தைத் துடைத்து, பேரை முதலில் ஆற்றுக்குச் சொல்வார்கள். துறைக்கு வேலி வந்தபின் எல்லாம் நின்றுபோயிற்று. டிக்கெட் இல்லாத ஆளைப் படகில் ஏற்றக் கூடாது, நடுவழியில் நிறுத்தக் கூடாது என்று பலகை மாட்டிவிட்டார்கள். மீறினால் முறை போய்விடும். நூறு படகுக்கு மேல் இருக்கிற துறையில் ஒருவனுக்கு முறை வருவதே ஒன்பது நாளுக்கு ஒரு தரம்.

நேற்று மத்தியானம் புருஷன் மிர்கனி சாப்பிட உட்கார்ந்தபோது ஷாயா கடைசியாகக் கேட்டுப் பார்த்தாள். ஆறு நாளாகக் கேட்டதைத்தான்.

"நாளைக்கு உங்க முறைதான?"

"ஆமா."

"போற வழியில ரெண்டு நிமிஷம் தூண்கிட்ட நிறுத்துங்க. நானும் மதினியும் பிள்ளையத் தூக்கிட்டு வர்றோம்."

மிர்கனி ரொட்டியைப் பிய்த்து வெந்த மொச்சையில் தோய்த்தான். தோய்த்தது கையிலேயே இருந்தது. "போன வருஷம் ஒரு பயணியோட தொப்பி பறந்து தண்ணியில விழுந்துச்சுன்னு கலீல் படக நிறுத்துனான். ரெண்டு மாசம் முறைய வெட்டிட்டாங்க. ஒரு தொப்பிக்கு!"

"இது தொப்பி இல்ல."

"எனக்குத் தெரியாதா? டிக்கெட் இல்லாத ஆள ஏத்துனா வாசல்லயே பிடிச்சிருவான் ஷாயா. வீட்டுலயே செஞ்சுக்கலாம். எல்லாம் ஒரே தண்ணிதான்."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க."

அதற்கப்புறம் அவன் சாப்பிடவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து வெளியே போனான்.

போன தடவை என்பது இரண்டு வருஷத்துக்கு முந்தியது. மூத்த பெண் பிறந்தபோதும் அவன் இதையேதான் சொன்னான், அவளும் தலையாட்டினாள். துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, அதில் களியை உருட்டிப் போட்டார்கள். களி கரைந்து தொட்டி முழுக்கக் கஞ்சியானது. குழந்தை பத்தொன்பதாம் நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது. ரத்தத்தில் கிருமி என்றார் டாக்டர். ஷாயா டாக்டரைத்தான் நம்பினாள். ஆற்றுக்குக் கொடுக்காததால்தான் போயிற்று என்று ஊரில் சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் வீட்டு வாசலை அவள் அதற்குப்பின் மிதிக்கவில்லை. அவளுக்கு இருந்தது பயம் இல்லை, கோபம். பத்தொன்பது நாளே இருந்த பிள்ளைக்கு, அதற்கென்று இருந்த ஒரே நல்ல நாளையும் துவைக்கிற தொட்டியில் முடித்துவிட்டோமே என்ற கோபம். அது இரண்டு வருஷமாக ஆறவே இல்லை.

அவன் போனபின் அவள் நெடுநேரம் யோசித்தாள். பிறகு நாத்தனாரிடம் கேட்டாள்: "மதினி, டிக்கெட் இல்லாத ஆளத்தான ஏத்தக் கூடாது?"

தஹிபா ஒரு கணம் விழித்தாள். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

காலை எட்டரை மணிக்கு இரண்டு பேரும் டிக்கெட் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றார்கள். தரையைப் பெருக்குகிற மெல்லிய கறுப்பு ஆடை, கையில் மருதாணி, தஹிபா தலையில் துணி கட்டிய களிச்சட்டி. உள்ளே இருந்தவன் தினமும் தஹிபா கடையில் டீ குடிக்கிறவன்.

"அக்கா, நீங்க எங்க இங்க?"

"ரெண்டு டிக்கெட் கொடு. கோயில் பாக்கணும்."

"அம்பது வருஷமா பாக்காத கோயிலையா?"

"அதனாலதான் இன்னிக்குப் பாக்கணும்னு இருக்கு. உள்ளூர் விலைக்குப் போடு. என்னப் பாத்தா ஜெர்மன்காரி மாதிரியா இருக்கு?"

அவன் டிக்கெட்டைக் கிழித்தான். "வழிகாட்டி இல்லாம ஏத்த மாட்டாங்களேக்கா."

வழிகாட்டி பக்கத்திலேயே நின்றிருந்தாள். சுஹைர் என்று பேர், கெய்ரோக்காரி, மடக்கிய மஞ்சள் குடையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். வடக்கே தன்தா ஊரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள் பதினொரு பேர் குடைக்குக் கீழே வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு ஆடையையும் கைக்குழந்தையையும் பார்த்ததும் டீச்சரம்மாக்கள் முகம் மலர்ந்துவிட்டது. "நூபியாக்காரங்க! ஒரு படம் எடுத்துக்கலாமா?"

"தாராளமா எடுங்க," என்றாள் தஹிபா. "பதிலுக்கு எங்களையும் உங்க கூட்டத்துல சேத்துக்கங்க."

சுஹைருக்கு மறுக்கத் தோன்றவில்லை. இரண்டு தலை கூடினால் அவளுக்கு என்ன நஷ்டம்? எந்தப் படகு என்று கேட்டாள் ஷாயா. சுஹைர் சீட்டைப் பார்த்து எண்ணைச் சொன்னாள். மிர்கனியின் படகு. ஷாயாவுக்கு அது முன்பே தெரியும். அன்றைக்கு முதல் முறை அவனுடையது, முதலில் வந்த கூட்டம் இது. அதற்காகத்தானே எட்டரைக்கே வந்து நின்றாள்.

வாசலில் பைகளைச் சோதிக்கிற இயந்திரத்துக்குள் களிச்சட்டியும் போயிற்று. திரையில் கறுப்பாக ஒரு வட்டம் வந்து நின்றது. காவலுக்கு இருந்தவன் பட்டையை நிறுத்தினான்.

"என்னம்மா இது?"

"களி."

"சாப்பாடு உள்ள கொண்டுபோகக் கூடாது."

"யாரு சாப்பிடப் போறா? பிள்ளைக்கு ஏழாம் நாளு," என்று தஹிபா துணியை அவிழ்த்து, ஓரத்தில் ஒரு விரல் எடுத்து நீட்டினாள். "வெடிகுண்டா இருந்தா வாய்க்குள்ளயே தெரிஞ்சுரும். தின்னு பாரு."

அவன் சோஹாக் பக்கத்துக் கிராமத்துப் பையன். இங்கும் அங்கும் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டான். "நெய் நல்லாருக்கு," என்று பட்டையை ஓடவிட்டான்.

மிர்கனி படகை அணைத்துப் பிடித்து ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தான். பதினோராவது ஆளுக்குப் பின்னால் வந்த கையையும் பார்க்காமலே பிடித்தான். மருதாணிக் கை. நிமிர்ந்தான்.

"நீயா!"

"பயணி," என்றாள் ஷாயா. மற்றக் கையால் டிக்கெட்டைக் காட்டினாள். "வழிகாட்டியும் இருக்காங்க. ஏத்துவீங்களா, மாட்டீங்களா?"

"ஷாயா, விளையாடாத. பச்ச உடம்பு. வீட்டுக்குப் போ."

"டேய் மிர்கனி," என்றாள் பின்னால் நின்ற அக்காக்காரி, "தலையில சட்டி சுடுது. உன் பஞ்சாயத்த உள்ள போய் வச்சுக்க."

அவன் கையை விடவில்லை. மனைவியை ஏற்றினான், அக்காவை ஏற்றினான், சட்டியை வாங்கிப் பலகைக்கு அடியில் நிழலில் வைத்தான். சுக்கானுக்குப் போனான்.

படகு துறையை விட்டு விலகியதும் சூடு கொஞ்சம் தணிந்தது. தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. நாரை ஒன்று பாறையில் நின்று படகைக் கண்டுகொள்ளவேயில்லை. சுஹைர் எழுந்து குடையால் சுட்டிக்காட்டிப் பேசத் தொடங்கினாள். நன்றாகத்தான் பேசினாள். எந்த ராஜா எந்தத் தூணை நட்டான், எந்தக் கல் எத்தனை எடை, எல்லாம் சரளமாக வந்தது. ரயீஸ் என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் படகுக்காரர்கள் வாய் திறக்கக் கூடாது. விளக்கம் சொல்ல உரிமம் வேண்டும், அது அவர்களிடம் கிடையாது. பதினாலு வருஷமாக மிர்கனி இந்தப் பேச்சை முதுகால் கேட்டுக்கொண்டு ஓட்டுகிறவன்.

"அதோ, அந்த இரும்புத் தூண்கள் தெரியுதா?" என்றாள் சுஹைர். "பழைய தீவு அங்கதான் இருந்துச்சு. கோயில் முழுசா காப்பாத்தப்பட்டுருச்சு. இப்ப அங்க ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா?"

கேட்டது ஷாயா. சத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் ஆசிரியர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கும்மா," என்றாள் அவள் சுஹைரைப் பார்த்து. "அங்க என் வீட்டுக்காரரோட பாட்டன் வீடு இருக்கு. ரெண்டு அறை, ஒரு திண்ணை, அடுப்படி. தெரு இருக்கு. கிணறு இருக்கு. ஊரோட இடுகாடு இருக்கு. கல்ல மட்டுந்தான் எண் போட்டுத் தூக்குனாங்க. எங்காளுங்களுக்கு யாரும் எண் போடல."

ஒரு வயதான வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். "எந்தப் பக்கம்மா?"

ஷாயா தூண்கள் பக்கம் கை காட்டினாள். புருஷனைப் பார்த்தாள். படகு வழக்கமான வளைவில் திரும்பத் தொடங்கியிருந்தது. தூண்கள் இடது பக்கம் ஒதுங்கின.

"நிறுத்துங்க," என்றாள்.

மிர்கனி முன்னால் பார்த்தபடி இருந்தான்.

"நான் பயந்துக்கிட்டு கேக்கல. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு கேக்கல. இது நம்மளோடதுன்னு கேக்கறேன். நீங்க நிறுத்தலன்னா நான் குதிச்சுற மாட்டேன், அழ மாட்டேன். இப்படியே திரும்பி வந்து, நாளைக்கும் டிக்கெட் வாங்கி வருவேன். இந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் வருவேன்."

"செய்வா," என்றாள் தஹிபா ஆசிரியர்களிடம். "இவளப் பத்தி உங்களுக்குத் தெரியாது."

மிர்கனி துறையைத் திரும்பிப் பார்த்தான். கரையில் ரோந்துப் படகு வெள்ளையாக நின்றது. அவன் மனைவியின் மடியைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி எஞ்சினை அணைத்தான்.

திடீரென்று எல்லாமே கேட்டது. தண்ணீர் பலகையை நக்குகிற சத்தம், குழந்தையின் மூச்சு, தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவுவது. மிர்கனி பலகைக்கு அடியிலிருந்து துடுப்புகளை உருவினான். பெரிய படகு அது, ஒற்றை ஆள் வலிக்கிற படகில்லை. இரண்டு கையாலும் வலித்தான். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. மெதுவாக, மிக மெதுவாக, படகு தூண்களுக்கு நடுவே போயிற்று. தஹிபா வாயே திறக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம்.

"ரயீஸ், என்ன பண்றீங்க?" என்றாள் சுஹைர் பதறி. "இங்க நிறுத்தக் கூடாது. என் உரிமமும் போயிரும்."

"உங்க மேல தப்பில்லம்மா. நிறுத்துனது நான்."

ஷாயா ஓரத்துக்கு நகர்ந்து மண்டியிட்டாள். களியை நெய்யோடு சேர்த்துக் கவளமாக உருட்டிக் கொடுத்தாள் தஹிபா. ஒவ்வொன்றாக ஷாயா தண்ணீருக்குள் முழங்கைவரை கையை நுழைத்து நழுவவிட்டாள். எறியவில்லை, இறக்கிவைத்தாள். கவளம் வெள்ளையாகக் கொஞ்ச தூரம் தெரிந்து பச்சைக்குள் மறைந்தது. ஆசிரியர்கள் தங்களை அறியாமலே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஏழு ஆனதும் அவள் உள்ளங்கையில் தண்ணீர் அள்ளிப் பிள்ளையின் நெற்றியையும் கண்ணையும் துடைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து, தும்மி, கோபமாக ஒரு குரல் கொடுத்தது.

"நப்ரா," என்றாள் ஷாயா தண்ணீரைப் பார்த்து. "இவ நப்ரா."

அவர்கள் பேச்சில் அது கலப்பில்லாத தங்கம். மூத்தவளுக்கு வைத்த பேரும் அதுதான்.

தஹிபா கையிலிருந்த சட்டி நழுவப் பார்த்தது. "ஐயோ, அந்தப் பேரா? போன பிள்ளை பேர வைக்கலாமா? ஆகாதுடி புள்ள!"

"போனது பிள்ளைதான் மதினி. பேரு போகல. அந்தத் தொட்டியில கரைச்சுவிட்டோமே, அதத் திரும்ப எடுத்துக்கிட்டேன். ஆகாதுன்னு சொல்றவங்க என் முன்னால வந்து சொல்லட்டும்."

கண்ணில் வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை. மிர்கனி துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் குனிந்தான். தண்ணீருக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோய், "நப்ரா," என்று அவனும் சொன்னான். சொன்னவன் நிமிர வெகு நேரமாயிற்று.

அதற்குள் ரோந்துப் படகின் சத்தம் கேட்டது.

"எஞ்சின் நின்னுபோச்சுன்னு சொல்லிடுங்க ரயீஸ்," என்றாள் சுஹைர் அவசரமாக, தாழ்ந்த குரலில். அவள் கண்ணும் சிவந்திருந்தது. "நானும் ஆமாங்கிறேன். இவங்க எல்லாரும் சொல்வாங்க."

"பதினாலு வருஷமா ஒரு நாள் மக்கர் பண்ணாத எஞ்சின்மா அது," என்றான் மிர்கனி. "அது மேல எதுக்குப் பழி?"

வந்தவன் இளவயது அதிகாரி, வடக்கத்திக்காரன். கறுப்புக் கண்ணாடி, கஞ்சி போட்ட சட்டை. "நடுவுல யார் நிறுத்தச் சொன்னது?"

"நான்," என்றாள் ஷாயா.

"நீ யாரு?"

"பயணி." டிக்கெட் மறுபடியும் நீண்டது. ஈரக் கையில் நனைந்து தொங்கியது.

"நிறுத்துனது நான்," என்றான் மிர்கனி. "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

அதிகாரி இப்படியொரு பதிலை எதிர்பார்க்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "ரெண்டு மாசம் உன் முறை கிடையாது. தீவுல கூட்டத்த இறக்கிட்டு, இந்தப் பொம்பளைங்க ரெண்டு பேரையும் உடனே திருப்பிக் கூட்டிட்டுப் போ. நான் வந்து வாக்குமூலம் எழுதிக்கறேன்."

"ரெண்டு மாசம் என் கடையில டம்ளர் கழுவுவான்," என்றாள் தஹிபா. "கழுவத் தெரியாது, கத்துக்குவான்."

தீவுத் துறையில் படகு ஒட்டியதும் ஆசிரியர்கள் இறங்கினார்கள். அவர்களோடு ஷாயாவும் இறங்கினாள்.

"எங்க போற?" என்றான் மிர்கனி.

"கோயில் பாக்க. டிக்கெட் அதுக்கும் சேத்துத்தான போட்டிருக்கான்?"

சுஹைர் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தாள். அந்தக் குடை அதுவரை விரிந்ததை யாரும் பார்த்ததில்லை. முற்றத்தைக் கடப்பதற்குள் குழந்தை பசிக்கு அழ ஆரம்பித்துவிட்டது. இடது கைப் பக்கம் இருந்த சின்னக் கோயிலின் பின்சுவரில்தான் கைப்பிடி நிழல் இருந்தது. ஷாயா சுவரின் அடிக்கல்லில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து மறைத்துக்கொண்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

சுவரில் அவளுக்கு மேலே கல்லில் செதுக்கிய தேவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், நாணல் காட்டுக்கு நடுவே, கையில் பச்சைப் பிள்ளையோடு. என்றோ யாரோ உளி கொண்டு அவள் முகத்தைக் கொத்தி எடுத்திருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சுஹைர் அவளைப் பற்றித்தான் சொல்ல வாயெடுத்தாள். பிறகு இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள்.

அதிகாரி காகிதக் கட்டோடு வேகமாக வந்தான். பின்னால் மிர்கனி.

"உன்னத் திரும்பிப் போகச் சொன்னேன்ல? இங்க உக்காரவும் கூடாது. ரெண்டாயிரம் வருஷத்துச் சுவர் இது. எழுந்திரு!"

ஷாயா நிமிர்ந்து மேலே பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"முதல்ல அவள எழுப்புங்க," என்றாள். "அப்புறம் நான் எழுந்திருக்கேன்."

ஆசிரியர்களில் ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றப் பார்த்தார். தஹிபா விடவில்லை. "மூஞ்சியவே கொத்தி எடுத்துப் பாத்தாங்க தம்பி. அப்பவும் அவ எழுந்திருக்கல."

அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணாடி இல்லாமல் அவன் மிகவும் சின்னப் பையனாக இருந்தான். சுவரைப் பார்த்தான், கீழே பார்த்தான், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான்.

"தெரியாது," என்றாள் ஷாயா. "அவளுக்குப் பசி அதிகம்."

அந்தச் சுவரில் இன்னொருவருக்கு நிழல் இல்லை. நப்ரா குடித்து முடிக்கிறவரைக்கும் அவன் வெயிலில் நின்றான்.